பசுமைத் தொழிலும் கரைவலைப் பாடும்

இன்று ‘பசுமை’ என்னும் சொல்லைச் செவிமடுக்காது ஒரு நாளைக் கழித்தல் அரிதாகிவிட்டது. உல்லாச விடுதிகளின் பெயர்ப் பலகைகளிலே அச்சொல் மிளிர்கின்றது; வங்கிகளின் கடன் விளம்பரங்களிலே முழங்குகின்றது; அரசாங்கங்களின் கொள்கைப் பிரகடனங்களிலே முதலிடம் பெறுகின்றது. ஈற்றிலே பல்கலைக்கழக மாணவராகிய எம்மிடமும் அது வந்து சேர்ந்துள்ளது. “அரசாங்க உத்தியோகத்தை நம்பியிராதீர்கள், சுற்றாடலுக்கு ஊறு செய்யாத சுயாதீனத் தொழிலைத் தேடுங்கள், உங்கள் திறன்களைப் பட்டியலிட்டு இணையத்திலே உங்களை அறிமுகஞ் செய்யுங்கள், மற்றவரினும் முந்தி, மற்றவரினும் குறைந்த விலைக்கு வேலையை வென்றெடுங்கள்” என்று தொழில் வழிகாட்டற் பயிலரங்குகளிலே எமக்கு உபதேசிக்கப்படுகின்றது.

இவ்வுபதேசத்தின் முற்பாதியை நான் மறுக்கவில்லை. மறுப்பது பிற்பாதியையே. ஒரு வேலையின் நோக்கம் எத்துணைப் பசுமையானதாயினும், அதனைச் செய்பவர் எவ்விதமாக அமர்த்தப்படுகின்றார், எதற்குக் கூலி பெறுகின்றார், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டுள்ளார் என்பனவே அவ்வேலை இயற்கையைக் காக்குமா அழிக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. தனித்தனியே நின்று, ஒருவரையொருவர் முந்தியும் விலையைக் குறைத்தும் வெல்லப்படும் வேலை, பெயரளவிற் பசுமையாக இருப்பினும் பலனளவில் இயற்கைக்கும் உழைப்பவருக்கும் ஒருங்கே பகையாகின்றது. இதற்குச் சான்று தேடி நெடுந்தூரஞ் செல்ல வேண்டியதில்லை. நான் பிறந்து வளர்ந்த திருகோணமலைத் துறைமுகக் கரையே போதிய சான்றாகும்.

முதலில் சுயாதீனத் தொழில் என்பது யாது எனத் தெளிவோம். ஒரு நிறுவனத்தின் நிரந்தர ஊழியராகாது, வேலைக்கு வேலை உடன்பட்டு, அவ்வேலை முடிந்ததும் கூலியைப் பெற்று விலகுவதே அது. ஆங்கிலங் கற்ற நகரத்து இளைஞர் கணினியின் முன் அமர்ந்து இதனைச் செய்யும்போது அதற்கொரு நாகரிகப் பெயர் கிடைக்கின்றது. எமது கரையிலோ அது காலங்காலமாகக் கொந்தராத்து என்றும் நாட்கூலி என்றும் பங்கு என்றும் வழங்கி வந்துள்ளது. நிலாவெளியிலே பயணியரைப் படகிலேற்றிச் செல்பவர் சுயாதீனத் தொழிலாளியே. களப்போரங்களிலே கண்டற் கன்று நடுபவரும், வீட்டுக் கூரைகளிலே சூரிய மின்தகடு பொருத்துபவரும், அபிவிருத்தித் திட்டங்களின் பொருட்டு வீடுவீடாகச் சென்று வினாக்கொத்து நிரப்பும் மாணவரும் அவ்வகையினரே. ‘பசுமைத் தொழில் இனிமேல்தான் பிறக்கப்போகின்றது’ என்போர் இவர்களைக் கண்ணெடுத்தும் பார்த்தவரல்லர்.

இவ்வேலைகள் திருகோணமலையிலே மிகுந்திருப்பதற்கு அதன் இயற்கை அமைப்பே காரணம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று எமது துறைமுகம். அதன் தெற்கே விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடாவிலே, இலங்கையின் மிக நீண்ட நதியாகிய மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடலோடு கலக்கின்றது. குடாவின் வாயிலிலிருந்தே கடலடியில் ஆழ்பள்ளத்தாக்கொன்று தொடங்கிச் செல்கின்றது. ஆழ்கடல் கரைக்கு இத்துணை அண்மையில் இருப்பதனாலேயே நீலத் திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் கோணேசர் மலையிலிருந்து நோக்குவோர் கண்ணுக்கும் தென்படுகின்றன. வடக்கே நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலே முருகைக்கற் பாறைகள் சூழ்ந்த புறாத்தீவு உள்ளது. தெற்கே, குடாவின் மறுகரையிலே மூதூரும் சம்பூரும் உள்ளன. ஆழமும் வளமும் ஒருங்கு வாய்த்த இக்கரையை நாடிப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்தனர். இன்று திட்டங்கள் வருகின்றன.

புறாத்தீவை எடுத்துக்கொள்வோம். 1963 இல் அது சரணாலயமாக்கப்பட்டது. 2003 இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 1970களிலே முட்கிரீட நட்சத்திர மீன்கள் பெருகி இப்பகுதி முருகைக்கற்களைப் பெரிதும் தின்றழித்தன. அதன் பின்னர் வெடிவைத்து மீன்பிடிப்போர் பாறைகளைத் தகர்த்தனர். 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் வெடிப்பொருள் கொண்டு மீன்பிடித்தலைத் தடைசெய்துள்ளதாயினும் அவ்வொலி எமது கடலில் முற்றாக ஓய்ந்துவிட்டதெனக் கூறுதற்கில்லை. போர் முடிந்தபின் மூன்றாவது படையெடுப்பொன்று நிகழ்ந்தது. அது பயணியரின் பாதங்களின் படையெடுப்பு. ஆழங் குறைந்த நீரிலே முருகைக்கல்லை மிதித்து நின்று படம் எடுப்போரின் கால்களின் கீழ், பல ஆண்டுகள் வளர்ந்த கிளைகள் ஒரு கணத்தில் முறிகின்றன.

இதற்கு யார் பொறுப்பு? படகோட்டிகளே என்பதுதான் நகரத்துச் சுற்றாடல் ஆர்வலர் பலரின் விடை. “அவர்களுக்கு அறிவூட்ட வேண்டும், பயிற்சியளிக்க வேண்டும்” என்கின்றனர். என் சித்தப்பா நிலாவெளியிலே படகோட்டுபவர். எக்கல் எப்பக்கம் உயிரோடிருக்கின்றது, எது வெளிறிச் செத்துவிட்டது என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத அறிவு அது. அவருக்கில்லாதது அறிவன்று, அவகாசமே. அவருடைய கூலி ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்றே பேசப்படுகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிலே கடல் இடங்கொடாது. எஞ்சிய சில மாதங்களுக்குள்ளேயே படகுக் கடனையும் எரிபொருட் செலவையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் தேடிக்கொள்ள வேண்டும். 2019 இன் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள், 2020 இன் பெருந்தொற்று, 2022 இன் எரிபொருள் நெருக்கடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை அப்பருவங்களையும் விழுங்கிவிட்டன. இந்நிலையில் ஒரு பயணி கல்லின் மேல் ஏறி நின்றால், “இறங்குங்கோ” என்று கண்டிப்பாரா? கண்டித்தால் அப்பயணி மறுநாள் அடுத்த படகுக்குப் போய்விடுவார். அடுத்த படகு நூறு ரூபாய் குறைவாகவுங் கேட்கும். “எனக்கும் கல்லைப் பார்த்தால் வயிறு எரியுது மகன். ஆனால் நான் வாயைத் திறந்தால் என் அடுப்பு எரியாது” என்றார் அவர் ஒருமுறை. எமது பொருளியற் பாடநூல்கள் ஓர் அத்தியாயம் முழுவதும் விளக்க முயல்வதை இரு வசனங்களிலே அவர் விளக்கிவிட்டார்.

திமிங்கிலத்தின் கதையும் இதுவே. 1979 இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்தது. 1980களின் முற்பகுதியில் ‘துலிப்’ என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர் திருகோணமலைக் கடலிலே திமிங்கிலங்களைக் கொல்லாமல், அவற்றைப் பின்தொடர்ந்து நோக்கியே ஆராய்ந்தனர். இன்று அதே கடலிலே, ஒரு திமிங்கிலம் மூச்செறிந்த மாத்திரத்தில் பல படகுகள் நாற்றிசையிலிருந்தும் அதனை நோக்கிப் பாய்கின்றன. விலகி நிற்க வேண்டுமென்ற விதிமுறைகள் உண்டு. ஆயின், திமிங்கிலத்தை முதலில் அண்மையிற் காட்டிய படகுக்கே அன்பளிப்பும் அடுத்த நாள் ஆட்களும் உண்டு என்பதே அங்கு நடைமுறையில் ஆளும் விதி. கொல்லாத தொழில் என்று தொடங்கியது துரத்துந் தொழிலாக முடிந்துள்ளது. படகோட்டியின் மனம் மாறியதனால் இது நேரவில்லை. அவரை ஏனைய படகோட்டிகளுக்கு எதிராக நிறுத்திய கூலிமுறையே இதனை நிகழ்த்தியது.

இவ்விடத்தில் எமது கரையின் பழைய தொழிலொன்றை நினைவுகூர வேண்டும். கரைவலைத் தொழிலிலே ‘பாடு’ என்றொரு வழக்கு உண்டு. வலை வளைப்பதற்கு ஏற்றவாறு கல்லும் தடையுமின்றி அமைந்த கடற்கரைப் பகுதியே பாடு. ஒரு பாட்டுக்குப் பல வலைகள் உரித்தாயின் அவை முறைவைத்தே இறங்கும். மீன் கூட்டம் கண்ணெதிரே கறுத்துத் தெரியினும் முறையில்லாதவர் வலை வளைக்கலாகாது. இன்று வெறும் வலை இழுத்தவர் தமக்குரிய முறை மீண்டும் வரும்வரை காத்திருப்பர். இவ்வழக்கு ஏன் தோன்றிற்று? எல்லோரும் ஒருங்கே முந்தினால் வலைகள் சிக்கும், கைகலப்பு மூளும், ஈற்றில் கடலே வெறுமையாகும் என்பதை எமது முன்னோர் அனுபவத்திற் கண்டறிந்தனர். எனவே அவர்கள் போட்டியைக் கடலுக்குள் விடாது கரையிலேயே கட்டிப்போட்டனர்.

பழமையெல்லாம் பொன் என்று நான் வாதிடவில்லை. கரைவலைத் தொழிலிலே வலைக்கும் வள்ளத்துக்கும் உடைமையாளராகிய சம்மாட்டி பெரும்பங்கை எடுத்தார். கயிறிழுத்துக் கைதேய்ந்தவருக்கு எஞ்சியதே கிடைத்தது. முறையிலே நீதி இருந்தது. பங்கிலே நீதி இருக்கவில்லை. ஆகவே நாம் கற்க வேண்டியது சம்மாட்டியிடமன்று, பாட்டு முறையிடமே. தொழிலுக்குரிய இடம் பொதுவானது, அதில் இறங்குவோர் முறையை மீறலாகாது, விலையைக் குறைத்து அயலவனை வெளியேற்றலாகாது என்னும் மூன்று கொள்கைகள் அதனுள் அடங்கியுள்ளன. இன்றைய ‘பசுமைத் தொழில்’ உபதேசம் இம்மூன்றையும் தலைகீழாக்கியிருக்கின்றது.

உடலுழைப்பிலிருந்து எழுத்துழைப்புக்கு வருவோம். கலைப்பீட மாணவராகிய எம்மைத் தேடிவரும் பசுமை வேலை பெரும்பாலும் இவ்வகையினதே. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் 1988 இல் திருத்தப்பட்டபோது, பெருந்திட்டங்களுக்கு முன்னதாகச் சுற்றாடற் தாக்க மதிப்பீடு செய்யப்படவேண்டும் என்னும் ஏற்பாடு அதில் இடம்பெற்றது. அறிக்கை பற்றி வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, பொதுமக்கள் 30 நாட்களுக்குள் கருத்துரைக்க இடமளிக்க வேண்டும் என்பது சட்டம். சிறந்த சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்வறிக்கையை எழுதுவோரை அமர்த்தி அவர்களுக்குக் கூலி கொடுப்பவர் யார்? திட்டத்தை நிறைவேற்ற விழைபவரே. அவர் ஆலோசகரை அமர்த்துகின்றார்; ஆலோசகர் உப ஆலோசகரை அமர்த்துகின்றார்; அவர் எம்மைப் போன்ற மாணவரைப் பத்திரத்துக்கு இவ்வளவு என்று அமர்த்துகின்றார். படியிறங்க இறங்கக் கூலி தேய்கின்றது; கேள்வி கேட்கும் உரிமையும் தேய்கின்றது.

இச்சங்கிலியின் கடைசிக் கண்ணியாக நானும் இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் வருட விடுமுறையிலே, பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் ஆலோசனை நிறுவனத்துக்காகக் கொட்டியாரக் குடாவின் கரையோரக் கிராமமொன்றில் வினாக்கொத்து நிரப்பச் சென்றேன். மற்றொரு மாணவர் குழு கேட்ட கூலியிலுங் குறைத்துக் கேட்டே நாங்கள் நால்வரும் அவ்வேலையை வென்றிருந்தோம். அன்று அதைச் சாமர்த்தியமென்று கருதினோம். குறைத்த கூலியை ஈடுசெய்ய ஒரு நாளைக்கு இருபது பத்திரங்களுக்கு மேல் நிரப்ப வேண்டியிருந்தது. ஒரு வீட்டிலே முதிய தாயொருவர் இருந்தார். ஆழங் குறைந்த நீரிலே மட்டி பொறுக்கி விற்பது அவர் தொழில். எனது பத்திரமோ, “உமது வீட்டில் படகு உண்டா? உண்டெனில், படகு நிறுத்துமிடம் திட்டத்தினாற் பாதிக்கப்படுமா?” என்று கேட்டது. அவரிடம் படகில்லை. எந்த மாதத்தில் எந்தத் திட்டில் மட்டி கிடைக்கும், மண் கலங்கினால் அது எவ்வாறு செத்துவிடும் என்று அவர் எனக்கு விளக்கத் தொடங்கினார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். “இதை எழுத அதில இடமில்லையா மகன்?” என்று அவர் கேட்டார். இடமிருக்கவில்லை. ‘பொருந்தாது’ என்னும் கட்டத்தில் அடையாளமிட்டு எழுந்து வந்தேன்.

அச்சொல் இன்றும் என்னை உறுத்துகின்றது. ஒரு மனிதரின் வாழ்நாட் தொழிலை, அவர் கண்முன்னேயே, ‘பொருந்தாது’ என்று ஒரு சுற்றாடற் பத்திரத்தில் நான் பதிவு செய்தேன். என்னை எவரும் பொய்யெழுதச் சொல்லவில்லை. பொய்யெழுத வேண்டிய தேவையுமில்லை. குறைந்த கூலியும் குறுகிய நேரமும் அவ்வேலையைத் தாமாகவே செய்து முடித்தன. நான் வென்ற பசுமை வேலை அது.

பெருந்திட்டங்களின் நிலையும் இவ்வாறே. சம்பூர் மக்கள் 2006 இல் போரினால் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டின் இறுதியிலேயே இந்திய நிறுவனமொன்றுடன் கூட்டாக 500 மெகாவாற்று நிலக்கரி அனல்மின் நிலையமொன்றை அப்பகுதியில் அமைக்க உடன்பாடு கையெழுத்தாயிற்று. இடம்பெயர்ந்தோர் ஊர்திரும்பப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். மக்களும் சுற்றாடல் அமைப்புகளும் எதிர்த்தனர்; வழக்குத் தொடரப்பட்டது; 2016 செப்ரெம்பரில் அத்திட்டத்தைக் கைவிடுவதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. நிலக்கரியின் இடத்துக்குக் கதிரவன் வந்தான். 2025 ஏப்ரலில் சம்பூரில் 120 மெகாவாற்று சூரிய மின்திட்டத்தின் தொடக்க வைபவம் நிகழ்ந்தது. நிலக்கரிப் புகையிலிருந்து எமது குடா தப்பியதையிட்டு மகிழ்கின்றேன். ஆயினும் அதே 2025 இல், அதே மாவட்டத்து முத்துநகரிலே, தாம் பயிரிட்டு வந்த நிலம் சூரிய மின்திட்டங்களுக்காகப் பறிக்கப்படுவதை எதிர்த்து விவசாயிகள் வீதியில் இறங்க நேர்ந்தது. துறைமுகத்துக்குரிய நிலமென்று அதிகாரிகள் கூறினர்; எமது வாழ்வுக்குரிய நிலமென்று விவசாயிகள் கூறினர். சூரிய ஒளியில் புகையில்லை என்பது உண்மையே. ஆனால் உழுதவனை வெளியேற்றி விளையும் மின்சாரத்தை ‘பசுமை’ என்று அழைக்க என் நா எழவில்லை.

இது என் தனிப்பட்ட மனவெழுச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் சர்வதேசத் தொழில் அமைப்பும் பிற அமைப்புகளுடன் சேர்ந்து 2008 இல் வெளியிட்ட பசுமைத் தொழில்கள் பற்றிய அறிக்கை, சுற்றாடலைக் காக்கும் வேலை என்பதோடு கண்ணியமான வேலை என்பதையும் இணைத்தே பேசிற்று. போதிய கூலி, பாதுகாப்பு, தொழிலாளர் உரிமை என்பன இல்லாத வேலை முழுமையான பசுமை வேலையாகாது என்பதே அதன் பொருள். உலக அரங்கில் ஒப்புக்கொள்ளப்பட்ட இந்த அரைப்பங்கு உண்மை எமது பயிலரங்குகளுக்கு வரும் வழியில் எங்கோ தொலைந்துவிட்டது.

எனது வாதத்துக்கு எதிராக இரு தடைகள் எழுப்பப்படலாம். “பசித்தவனுக்கு வேலையைத் தெரிவு செய்யும் உரிமை ஏது? கிடைத்ததைச் செய்வதன்றி அவன் வேறென் செய்வான்?” என்பது முதலாவது. இக்கேள்வியில் நியாயமுண்டு. தனியொரு படகோட்டி மறுத்தால் அடுத்தவர் ஏற்பார். தனியொரு மாணவன் மறுத்தால் மற்றொருவன் குறைந்த கூலிக்கு நிரப்பிக்கொடுப்பான். இதனாலேயே தனிமனித ஒழுக்கத்தைப் பற்றி நான் உபதேசிக்கவில்லை. தனியாக மறுக்க இயலாததைச் சேர்ந்து மறுக்க இயலும். எல்லாப் படகுகளும் முறைவைத்துச் செல்லும், எவரும் குறித்த விலைக்குக் கீழே இறங்குவதில்லை, கல்லை மிதிப்பவரை எந்தப் படகும் ஏற்றுவதில்லை என்று ஒரு கரை முழுவதும் உடன்பட்டால், பயணி வேறெங்கே போவார்? கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எமக்குப் புதியனவல்ல. மீனை விற்பதற்குக் கூடிய கைகள் மீனைக் காட்டுவதற்கு ஏன் கூடலாகாது?

“இவையெல்லாம் விஞ்ஞான பீடத்தாரின் துறை, சங்க இலக்கியமும் வரலாறும் படித்தவருக்குச் சுற்றாடலில் என்ன வேலை?” என்பது இரண்டாவது தடை. இதனை வெளியார் கேட்பதிலும் பார்க்க நாமே எமக்குள் கேட்டுக்கொள்வது அதிகம். 2017 இல் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வேலையற்ற பட்டதாரிகள் வாரக்கணக்கில் வீதியோரத்திலே அமர்ந்திருந்தனர். அவர்களுட் கலைப் பட்டதாரிகள் பலர். அவர்தம் போராட்டம் நியாயமானது. ஆனால் அவர்கள் அமர்ந்திருந்த அதே மாகாணத்திலே, தமிழ் அறியாத ஆலோசகர்கள் மொழிபெயர்ப்பாளரின் துணையோடு தமிழ்க் கிராமங்களைப் பற்றி அறிக்கை எழுதிச் சென்றனர். மக்களின் தொழில், வழக்கு, வழிபாடு, நினைவு, நிலவுரிமை ஆகியவற்றை விசாரித்தறிவது விஞ்ஞானத்தின் வேலையா, எமது வேலையா? மட்டித் திட்டின் பெயரை அறிபவர் மட்டி பொறுக்கும் தாய். அதனை அவர் வாய்மொழியிற் கேட்டு, பிழையின்றி எழுதி, அதிகாரியின் மேசையில் வைக்கக் கற்றவர் நாம். கற்றதைச் செய்யாது நியமனக் கடிதத்துக்காக மட்டும் காத்திருப்பது எமது கல்வியை நாமே ‘பொருந்தாது’ என்ற கட்டத்தில் இடுவதாகும்.

அவ்வாறாயின் வேலையைத் தேடுவதும் வெல்வதும் எவ்வாறு? கண்டனத்தோடு நின்றுவிடாது என் மனத்திற்பட்டவற்றையும் கூறுகின்றேன்.

வேலை இருக்குமிடம் முதலில் அறியப்படல் வேண்டும். வர்த்தமானி அறிவித்தல்கள், பத்திரிகைகளில் வரும் கேள்வி அறிவித்தல்கள், பிரதேச செயலகங்களின் அறிவித்தற் பலகைகள், கூட்டுறவுச் சங்கங்கள், விடுதிகள் என்பனவற்றை ஒழுங்காக நோக்கும் ஒரு மாணவர் குழு எமது சங்கத்திலேயே இயங்கலாம். வேலை தனியொருவரின் இரகசியமாக இருக்கும்வரை அது ஏலத்திற் போகும். எல்லோரும் அறிந்ததாக இருப்பின் அதற்கு முறைவைக்கலாம்.

வேலையை ஏற்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் ஐந்து. கூலி கொடுப்பவர் யார்? இவ்வேலையினால் இழப்பவர் யார்? யாம் கண்டதை மாற்றும் உரிமை யாரிடம் உண்டு? உண்மையை அறிய இந்நேரம் போதுமா? போதாதெனில் அதை அறிக்கையிலேயே எழுதலாமா? விடைகள் எழுத்திலே பெறப்படல் வேண்டும். வாய்மொழி உறுதி, கூலி கொடுக்கும் நாளில் எவருக்கும் நினைவிருப்பதில்லை.

விலையைக் குறைத்து வெல்லலாகாது. தகுதியைக் காட்டியே வெல்ல வேண்டும். நாலு கிராமங்களின் பேச்சு வழக்கை அறிந்திருத்தல், முன்பு செய்த வேலையின் நேர்மையான மாதிரி, ஒருவரே கேளாது பல துறையினர் சேர்ந்து கூட்டாகக் கேள்விப்பத்திரம் இடுதல் ஆகியன எமது முதலீடுகள். தாவரவியல் மாணவரும் புவியியல் மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே விண்ணப்பத்திற் கையொப்பமிடின், கொழும்பிலிருந்து வருபவருக்கு எம்மில் ஒருவரை மற்றவருக்கெதிராக நிறுத்த இயலாது. அப்வேர்க், ஃபைவர் முதலாய இணைய மேடைகளுக்கும் இது பொருந்தும். அங்கே உலகமெங்குமுள்ள உழைப்பாளர் ஒருவரையொருவர் காணாமலே விலையைக் குறைத்துக்கொண்டிருக்கின்றனர். காணாத அயலவனும் அயலவனே.

கூலி எதிர்பாராது செய்யவேண்டிய பசுமை வேலையும் உண்டு. ஓர் அறிக்கை பொதுமக்கள் கருத்துக்கு விடப்படும் 30 நாட்களிலே, அதனைப் படித்து, எளிய தமிழிற் சுருக்கி, கரையோர மக்களுக்கு வாசித்துக்காட்டி, அவர்தம் மறுப்பை எழுதி அனுப்ப எம்மால் முடியும். மறைக்கப்படும் ஆவணங்களைக் கோர 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடமளிக்கின்றது. இவற்றைச் செய்து பழகிய மாணவனே நாளை கூலிக்கு எழுதும்போதும் நிமிர்ந்து எழுதுவான்.

விரிவுரையாளர்களிடமும் ஒரு விண்ணப்பம். விடுமுறையில் உங்கள் மாணவர் எங்கு சென்று எதனை நிரப்புகின்றனர் என்று ஒருமுறை கேளுங்கள். களவாய்வின் அறத்தைப் பரீட்சை வினாவாக மட்டும் கற்பியாது, ஓர் உண்மைப் பத்திரத்தை வகுப்பிலே விரித்துவைத்து, அதில் யாருக்கு இடமில்லை என்று தேடச் சொல்லுங்கள். மாணவரின் கூட்டு முயற்சிக்குத் துறைகளின் பெயரும் உங்கள் கையொப்பமும் துணைநிற்பின், எம்மை மலிவாக வாங்குவது எவருக்கும் எளிதாகாது.

சென்ற விடுமுறையில் அக்கிராமத்துக்கு மீண்டும் சென்றேன். இம்முறை கையிற் பத்திரமில்லை. ஒரு வெற்றுக் கொப்பி இருந்தது. அந்தத் தாய் என்னை அடையாளங் கண்டுகொண்டார். “இப்ப எழுத இடமிருக்கா?” என்று சிரித்தபடி கேட்டார். இரு நாட்கள் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினொரு திட்டுகளின் பெயர்கள், ஒவ்வொன்றின் பருவம், எங்கெங்கு மண் கலங்கியபின் மட்டி அற்றுப்போயிற்று என்னும் விபரம் அதில் உள்ளன. அவ்வெழுத்துக்கு ஒருவரும் கூலி தரவில்லை. ஆனால் அடுத்த திட்டம் அக்குடாவுக்கு வரும்போது, 30 நாட்களுக்குள் அனுப்பிவைக்க எமது கையிலே ஓர் ஆவணம் இருக்கின்றது. அதனை நிரப்ப நான் ஒருவன் போதேன். நண்பர்களே, கொப்பியோடு வாருங்கள். கரை நீண்டது, எல்லோருக்கும் முறையுண்டு.